பெயர்ப் பலகை யார் பெயரில்?

செம்பட்டியில் பஸ் ஏறி சித்தையன்கோட்டையில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, "இந்தக் கடைவீதியில் என்னென்ன கடைகள் இருக்கின்றன?" என்று கேட்டுப் பாருங்கள். குளிர்பானக் கம்பெனிக்கு இத்தனை கடை, செல்போன் கம்பெனிக்கு இத்தனை, பெயின்ட் கம்பெனிக்கும் சிமெண்ட் கம்பெனிக்கும் ஆளுக்கு இரண்டு என்றுதான் அவர் எண்ணிச் சொல்வார். மளிகைக் கடை, உரக்கடை, ஹார்டுவேர் கடை என்று காலை ஆறு மணிக்கே கதவைத் திறந்து உட்கார்ந்திருக்கிறோமே, நம் பெயர்களெல்லாம் எங்கே? இருக்கின்றன. பலகையின் வலது மூலையில், கீழே, சின்ன எழுத்தில் இருக்கின்றன.

பெயர்ப் பலகை என்பது வியாபாரியின் முகம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த முகத்தை இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக அடுத்தவனுக்கு வாடகைக்கு விட்டுவிட்டோம். வாடகையாவது வருகிறதா என்றால் அதுவும் இல்லை. இத்தோடு போனால்கூடப் பரவாயில்லை. பலகை சம்பந்தமாகச் சட்டப்படி ஒரு கேள்வி எழும்போது, பதில் சொல்ல வேண்டியவர் கம்பெனிக்காரர் அல்ல, கடைக்காரர்தான் என்பதை நம்மில் பலர் இன்னும் உணரவில்லை. நாமும் பட்ட பிறகுதான் உணர்ந்தோம்.

நமக்கே நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் குளிர்பானக் கம்பெனி ஒன்றின் பிரதிநிதி நம் மளிகைக் கடைக்கு வந்தார். டேப்பை எடுத்து முகப்பை அளந்தார். "சார், உங்க கடைக்குப் புதுப் போர்டு. பைசா செலவில்லை. ராத்திரியில் லைட் எரியும், கரண்ட் மட்டும் உங்களோடது" என்றார். அப்போது நம் கடையில் இருந்தது தகரத்தில் எனாமல் பெயின்டால் எழுதிய பழைய பலகை. அப்பா காலத்தில் எழுதியது. வெயிலில் சாயம் வெளுத்து, ஓரமெல்லாம் துரு ஏறியிருந்தது. இலவசம் என்றதும் சபலம் தட்டியது. பழையதைக் கழற்றிக் குடோனில் சாத்தி வைத்தோம்.

புதுப் பலகை வந்து மாட்டிய அன்று வீதியில் நின்று பார்த்தோம். பத்தடி நீளத்தில் எட்டடிக்குப் பாட்டில் படமும் கம்பெனியின் ஆங்கிலப் பெயரும். மிச்சம் இருந்த இரண்டடியில் நம் கடைப் பெயர். அதிலும் 'ஸ்டோர்ஸ்' என்பதில் ஒரு எழுத்து விழுந்து 'ஸ்டோஸ்' என்று இருந்தது. பிரதிநிதியிடம் சொன்னால், "அடுத்த வாட்டி மாத்திடலாம் சார்" என்றார். அடுத்த வாட்டி வரவேயில்லை. ஒரு மாதம் கழித்துத் திண்டுக்கல் மண்டியிலிருந்து சரக்கு ஏற்றி வந்த புது டிரைவர் நம் கடைக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தி, நம்மிடமே நம் கடைக்கு வழி கேட்டார். கடைப் பையன்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

அதற்கு அப்புறம்தான் பெயர்ப் பலகை ஆய்வுக்கு ஓர் அலுவலர் வந்தார். மரியாதையாகவே பேசினார். தமிழ் எழுத்து சிறியதாக இருக்கிறது, ஆங்கிலம் பெரியதாக இருக்கிறது, மாற்றுங்கள் என்றார். "போர்டு கம்பெனியோடது சார்" என்றோம். "கடை யாரோடது?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. பிரதிநிதிக்கு போன் செய்தால் அவர் பிஸ்கட் கம்பெனிக்கு மாறிப் போய்விட்டார். புதிதாக வந்தவர், "அது பழைய ஸ்கீம் சார், இப்ப அந்த ஸ்கீம் இல்லை" என்று முடித்துக் கொண்டார். ஆடு மேய்த்த மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆச்சு என்று கம்பெனிக்காரருக்கு இரட்டை லாபம். நமக்கு இரட்டை நஷ்டம்.

இதன் பிறகுதான் ஒரு பலகையில் எத்தனை சட்டங்கள் தொங்குகின்றன என்று தேடிப் பார்க்கத் தொடங்கினோம். தெரிந்துகொண்டதை நம் வணிகப் பெருமக்களுடன் பகிர்ந்துகொள்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

ஐந்துக்கு மூன்றுக்கு இரண்டு

பலகையில் தமிழ் இருக்க வேண்டும் என்பது ஏதோ பேரூராட்சி புதிதாகக் கிளப்பிய விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. இது தொழிலாளர் துறையின் சரத்து. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் 1948இல் செய்யப்பட்ட விதிகளில் 15ஆவது விதி இதைச் சொல்கிறது. ஓட்டல், டீக்கடை போன்ற உணவு நிறுவனங்களுக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனி விதி உண்டு. தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும், பிற மொழிகள் வேண்டுமானால் அதற்குக் கீழே சிறிதாக இருக்கலாம் என்பதுதான் இவற்றின் சாரம். விகிதத்தைத் தமிழுக்கு 5, ஆங்கிலத்துக்கு 3, வேறு மொழி இருந்தால் அதற்கு 2 என்று அரசு வகுத்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் எளிதாகப் புரியும். எழுத்துக்கு என்று பலகையில் 30 அங்குல உயரம் இருந்தால் தமிழுக்கு 15, ஆங்கிலத்துக்கு 9, மூன்றாவது மொழிக்கு 6. நம் பக்கத்துக் கறிக்கடைகளில் ஹலால் என்பதை அரபு எழுத்திலும் எழுதுகிறார்கள். அது இந்த ஆறு அங்குலத்துக்குள் தாராளமாக அடங்கும். ஆங்கிலம் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. வடநாட்டு லாரி டிரைவர் படிக்க வேண்டும், மருந்துக் கம்பெனி கூரியர் வர வேண்டும் என்பவர் ஒன்பது அங்குலத்தில் எழுதிக்கொள்ளட்டும்.

2010ஆம் ஆண்டு கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில் சென்னை மாநகராட்சி இந்த விதியைக் கையில் எடுத்துக் கெடு வைத்தது. மாநாடு முடிந்ததும் வேகம் தணிந்தது. 2025இல் மறுபடியும் பல மாவட்டங்களில் ஆட்சியர்கள் கெடு அறிவித்தார்கள். இப்படி இடையிடையே மழை மாதிரி வந்து போவதால்தான் நம்மவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். வரும்போது ஒரே வாரத்தில் ஊரிலுள்ள எல்லாப் பலகையையும் மாற்ற வேண்டியிருக்கும். அந்த வாரத்தில் பெயின்டர் கூலி என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும். 'சூப்பர் மார்க்கெட்' என்று தமிழ் எழுத்தில் எழுதினால் அது தமிழா? தமிழ் ஆர்வலர்கள் பேரங்காடி என்று எழுதச் சொல்கிறார்கள். பேக்கரிக்கு அடுமனை என்ற சொல் இப்போது நன்றாகவே பழகிவிட்டது. நல்ல சொல் கிடைத்தால் எழுதுவதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பஞ்சர் கடைக்காரரிடம் போய்ச் சொல் தேடச் சொன்னால் அவர் முதலில் டயரைப் பார்ப்பாரா, அகராதியைப் பார்ப்பாரா? எழுத்தின் அளவில் முதலில் ஒழுங்குக்கு வருவோம். சொல் தானாக வரும்.

இது நம் மாநிலத்துக்கு மட்டும் வந்த பிரச்சினையும் அல்ல. கர்நாடகத்தில் 60 சதவீதம் கன்னடம் வேண்டும் என்று 2023 டிசம்பரில் பெங்களூரில் ஊர்வலம் கிளம்பியபோது ஆங்கிலப் பலகைகள் பல அடித்து நொறுக்கப்பட்டன. 2024இல் அதற்குச் சட்டமே வந்தது. உடைந்த கண்ணாடிக்குச் செலவு செய்தவர் கடைக்காரர்தான். கடல் கடந்து கனடாவில் கியூபெக் மாகாணத்தில் பிரெஞ்சு மொழிக்காக 1977இல் சட்டம் போட்டார்கள். பிரெஞ்சு மட்டும்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் செல்லாது என்று 1988இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு 1993இல், பிற மொழியும் இருக்கலாம், ஆனால் பிரெஞ்சு மேலோங்கி இருக்க வேண்டும் என்று மாற்றினார்கள். 2025 ஜூன் 1 முதல், வியாபாரச் சின்னம் ஆங்கிலத்தில் இருந்தால் வெளியே தெரியும் பலகையில் பிரெஞ்சுக்கு இரண்டு மடங்கு இடம் தர வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. உலகப் புகழ் பெற்ற கம்பெனிகளே அங்கே பலகையை மாற்றிக்கொள்ளும்போது, அவர்களின் ஏஜெண்டுகள் இங்கே நம்மிடம் வந்து "ஹெட் ஆபீஸ் டிசைன் சார், மாற்ற முடியாது" என்று சொல்வதை நாம் ஏன் நம்ப வேண்டும்?

பேரூராட்சியின் கை எதுவரை?

பேரூராட்சிக்கு வருவோம். இங்குதான் குழப்பம் அதிகம்.

நகர்ப்புற உள்ளாட்சிகளில் விளம்பரப் பலகை வைக்க உரிமம் வேண்டும். 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் 2023இல் நடைமுறைக்கு வந்த அதன் விதிகளும் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மூன்றுக்கும் பொருந்துகின்றன. பேரூராட்சிதானே, சின்ன ஊர்தானே என்று இருக்க முடியாது. "என் சொந்த இடம், என் மொட்டை மாடி, யாரைக் கேட்க வேண்டும்?" என்று கேட்கிறவர்களும் உண்டு. தனியார் இடத்தில் இருந்தாலும் தெருவிலிருந்து பார்வைக்குப் படும் விளம்பரப் பலகையைக் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு என்பது சென்னை விளம்பரப் பலகை வழக்கில் 2008இலேயே உச்ச நீதிமன்றத்தில் முடிவாகிவிட்டது.

அப்படியானால் நம் கடைப் பெயரை நம் கடை முகப்பில் எழுதுவதற்கும் உரிமம் வாங்க வேண்டுமா என்று பதற வேண்டாம். தொழில் நடக்கும் கட்டடத்திலேயே அந்தத் தொழிலைப் பற்றியும், கட்டடத்தில் இருப்பவரின் பெயரைப் பற்றியும் வைக்கும் பலகைகளை விளம்பர வரியிலிருந்து விலக்கி வைப்பது பழைய மாநகராட்சிச் சட்டங்களிலிருந்தே வரும் மரபு. 2005இல் பம்பாய் மாநகராட்சிக்கும் ஒரு வங்கிக்கும் நடந்த வழக்கில், ஏடிஎம் அறைக்கு மேலே இருந்த பலகை விளம்பரமா, வெறும் அடையாளமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. இன்ன இடத்தில் இன்னது இருக்கிறது என்று காட்டுவது வேறு, வாங்குகிறவரை இழுப்பதற்காக வைப்பது வேறு என்ற பார்வை அதில் பேசப்பட்டது.

நம் குளிர்பானப் பலகையை இந்தத் தராசில் வைத்துப் பாருங்கள். 'இன்னார் மளிகைக் கடை' என்ற இரண்டடி அடையாளம். பாட்டில் படம் போட்ட எட்டடி என்ன? அதை விளம்பரம் என்று ஒரு செயல் அலுவலர் சொன்னால், இல்லை என்று நாம் எப்படி வாதாடுவது? நம் பெயர் மட்டும் இருந்தவரை நமக்கு இருந்த பாதுகாப்பை, இலவசம் என்ற ஒரு வார்த்தைக்காக நாமே கழற்றிக் குடோனில் போட்டுவிட்டோம்.

பணம் கட்டும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அரசியல் சட்டத்தின் 101ஆவது திருத்தம் 2016இல் மாநிலப் பட்டியலில் இருந்த விளம்பர வரி இனத்தை நீக்கிவிட்டது. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தது. உரிமக் கட்டணம் என்பது வேறு, அது இருக்கிறது. ஆகவே பேரூராட்சியில் பணம் கட்டினால் ரசீதில் எந்த இனத்தில் வரவு வைத்திருக்கிறார்கள் என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். புரியாவிட்டால் எழுத்து மூலம் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை. கம்பெனி நம் சுவருக்கு வாடகை கொடுத்தால், ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் அந்த வாடகைக்கும் 18 சதவீதம் கணக்குக் காட்ட வேண்டும். இதையும் கம்பெனிக்காரர்கள் சொல்ல மாட்டார்கள்.

இரும்பும் காற்றும்

பலகைச் சட்டம் இவ்வளவு கடுமையானதற்குக் காரணம் வீதியின் அழகு மட்டுமல்ல. உயிர்கள் போயிருக்கின்றன.

2017 நவம்பரில் கோவையில் சாலையில் நட்டிருந்த அலங்கார வளைவில் மோதி இளைஞர் ஒருவர் இறந்தார். 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டியிருந்த பேனர் சரிந்து விழ, இருசக்கர வாகனத்தில் வந்த 23 வயது மென்பொருள் பொறியாளர் கீழே விழுந்து லாரியில் சிக்கி இறந்தார். பேனர்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2018 டிசம்பரிலேயே இடைக்காலத் தடை விதித்திருந்தது. தடை இருந்தும் அந்தப் பேனர் அங்கே இருந்தது. 2023 ஜூன் 1 அன்று கோவை மாவட்டம் கருமத்தம்பட்டியில் விளம்பரப் பலகை பொருத்திக்கொண்டிருந்தபோது இரும்புச் சாரம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் மாண்டார்கள். 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் 120 அடிக்கு 120 அடி பலகை புயல் காற்றில் பெட்ரோல் பங்க் மேல் சாய்ந்து 17 பேர் இறந்தார்கள்.

கருமத்தம்பட்டி விபத்துக்குப் பிறகு தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிவிப்பை வணிகர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். அனுமதியின்றி விளம்பரப் பலகை வைத்தால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது ரூ.25,000/- அபராதம், அல்லது இரண்டும் என்று அதில் கூறப்பட்டது. விபத்து நேர்ந்தால் பலகை வைத்த நிறுவனத்தோடு இடத்தின் சொந்தக்காரரும் பொறுப்பாவார் என்றும் கூறப்பட்டது. கட்டடம் கட்டி மாடியை விளம்பரக் கம்பெனிக்குக் கொடுத்திருப்பவர்கள் நம்மில் உண்டு. மாதா மாதம் வாடகை வருகிறது, அந்தப் பக்கம் ஏறிப் பார்த்தே வருடக்கணக்காகிறது. ஆங்கிள் துருப்பிடித்திருக்கிறதா, நட்டு போல்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று இந்த வாரமே ஒரு வெல்டிங் பட்டறைக்காரரை ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழிதான். ஃப்ளெக்ஸ் பறப்பதை நாம் வருடம் தவறாமல் பார்க்கிறோம்.

கடை திறப்பு விழா, தீபாவளித் தள்ளுபடி என்று வீதியில் கட்டும் பேனர்களுக்கும் இதே ஜாக்கிரதை வேண்டும். இவற்றுக்கு 2011இல் தனி விதிகள் வந்தன. முன்கூட்டியே மனுச் செய்து அனுமதி வாங்க வேண்டும், அதிகபட்சம் ஆறு நாள், அனுமதி எண் பேனரின் அடியில் தெரிய வேண்டும் என்பவை அவற்றின் முக்கிய அம்சங்கள். கல்யாண வீட்டுக்காரர் வந்து, "அண்ணே, உங்க கடை முன்னால ஒரு பேனர் கட்டிக்கிறோம்" என்று கேட்டால் முகத்தை முறிக்க முடியாதுதான். அனுமதிச் சீட்டின் நகல் ஒன்றையாவது கேட்டு வாங்கி வையுங்கள்.

பெட்டிக்கடைக்காரர்கள் கவனத்துக்கு

சிகரெட் கம்பெனி செய்து கொடுத்த பெட்டிக்கடை, அதன் நிறம், அதன் பெயர் என்று ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருந்தது. 2003ஆம் ஆண்டின் மத்தியப் புகையிலைச் சட்டம் அந்தக் காலத்தை முடித்துவிட்டது. விற்பனை இடத்தில் 60 செ.மீ.க்கு 45 செ.மீ. அளவில் அதிகபட்சம் இரண்டு பலகை, அதில் எச்சரிக்கை வாசகம், என்ன வகைப் புகையிலைப் பொருள் கிடைக்கும் என்ற விவரம் இவ்வளவுதான் அனுமதி. கம்பெனிப் பெயரோ பாக்கெட் படமோ இருக்கக் கூடாது, பின்னால் விளக்கும் எரியக் கூடாது. மீறினால் முதல் முறையிலேயே இரண்டாண்டு வரை சிறை, அல்லது ரூ.1,000/- வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. இதற்கு எதிராக, 18 வயதுக்குட்பட்டவருக்கு விற்பது குற்றம் என்று 60-க்கு 30 செ.மீ. பலகை கட்டாயம் வைத்தாக வேண்டும். வைக்கக் கூடாததை வைத்து, வைக்க வேண்டியதை வைக்காத கடைகளே அதிகம்.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் நுழைவாயில் பெயர்ப் பலகையில் 33 என்று தொடங்கும் பதினைந்து இலக்க எண்ணைக் காட்ட வேண்டும். குடோனும் பதிவில் இருந்தால் அங்கும் காட்ட வேண்டும். காம்போசிஷன் முறையில் இருப்பவர்கள் 'காம்போசிஷன் டாக்ஸபிள் பர்சன்' என்ற வாசகத்தையும் சேர்த்து எழுத வேண்டும். எண் இல்லாவிட்டால் பொது அபராதப் பிரிவில் ரூ.25,000/- வரை போடலாம், மாநிலச் சட்டத்திலும் அதே அளவு தனியாக உண்டு. பெயின்டருக்கு ஒரு வரி கூடுதலாக எழுதும் கூலிதான் செலவு. இதில் அலட்சியம் காட்டுவதற்கு நமக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

நாம் கேட்பது

ஆக ஒரே பலகைக்குத் தொழிலாளர் துறை, உள்ளாட்சி, வணிகவரித் துறை, சுகாதாரத் துறை என்று ஆளுக்கொரு அளவுகோலோடு வருகிறார்கள். சாலையின் ஓரம் நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருந்தால் அவர்களும் வருவார்கள். விதியை மீறுகிற எண்ணம் நம் ஊர் வியாபாரிக்கு இல்லை. எந்த விதி என்று தெரியாததுதான் அவரது சங்கடம். பலகை இறக்கப்பட்ட பிறகு விதி தெரிய வந்து என்ன பயன்?

பிரேசில் நாட்டின் சாவோ பாலோ நகரம் 2007இல் விளம்பரப் பலகைகளை அடியோடு ஒழித்தது. அவ்வளவு பெரிய நகரத்தில் சின்னக் கடைக்காரருக்கு என்ன சொன்னார்கள் தெரியுமா? முகப்பு பத்து மீட்டருக்குக் குறைவாக இருந்தால் ஒன்றரை சதுர மீட்டர் பலகை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். நம் கணக்கில் முப்பத்து மூன்றடி முகப்புக்குக் கிட்டத்தட்டப் பதினாறு சதுர அடி. அளவு சிறியது என்று அங்கே முணுமுணுத்தவர்கள் இருக்கலாம். ஆனால் டேப்பை வைத்து அளந்து, "நான் விதிப்படி இருக்கிறேன்" என்று எந்தக் கடைக்காரரும் நிமிர்ந்து சொல்ல முடியும். அந்த நிமிர்வைத்தான் நாம் கேட்கிறோம்.

கடை முகப்பில் எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம் வரை உரிமம் இன்றி வைக்கலாம், வீதிப் பக்கம் எத்தனை அடி நீட்டலாம், கம்பெனிப் பெயர் சேர்ந்தால் என்ன கட்டணம் என்பதைப் பேரூராட்சி தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். சங்கத்துக்கு ஒரு பிரதி கொடுத்தால் கடை கடையாக நாமே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். ஒழுங்குபடுத்தப் போகிறோம் என்றால் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து, மாற்றிக்கொள்ள நாள் கொடுக்கட்டும். சட்டத்துக்கு நாம் எதிரிகள் அல்ல. வீதியை அடைத்துக்கொண்டு ஸ்டாண்டு போர்டு வைப்பவர் நம் உறுப்பினராக இருந்தால் முதலில் அவரிடம் பேச வேண்டியவர்களும் நாமே. சாக்கடை மேல் பலகை, அதற்கு முன்னால் பைக், அதற்கும் முன்னால் தள்ளுவண்டி என்று இருந்தால் வாடிக்கையாளர் எதன் மேல் ஏறி வருவார்?

கம்பெனிப் பிரதிநிதி இனி டேப்போடு வந்தால் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வையுங்கள். நம் பெயர் தமிழில் இத்தனை அங்குலம், உரிமம் எடுப்பது யார், கட்டணம் கட்டுவது யார், கழன்று விழுந்தால் பொறுப்பு யார், திட்டம் முடிந்ததும் இறக்கிக்கொண்டு போவது யார் என்று அதில் எழுதிக் கம்பெனி முத்திரையோடு கையெழுத்துக் கேளுங்கள். நாம் அப்படிக் கேட்டபோது, "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று போனவர் திரும்ப வரவில்லை. வராததில் நமக்கு வருத்தமும் இல்லை.

குளிர்பானப் பலகையை இறக்கிவிட்டோம். குடோனிலிருந்து பழைய தகரத்தை எடுத்துத் துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, கையால் எழுதத் தெரிந்த பெயின்டர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அவருக்கு வேலை குறைந்துபோய், கோயில் சுவரும் பள்ளிக்கூடச் சுவரும் எழுதிக்கொண்டிருந்தார். சாக்பீஸால் கோடு போட்டு, அப்பா வைத்த பெயரை மஞ்சளில் பெரிதாக எழுதி முடித்தார். 'ஸ்டோர்ஸ்' என்பதில் எல்லா எழுத்தும் இருக்கிறதா என்று நாம் இரண்டு தடவை படித்துப் பார்த்தோம். பிறகு அவர் ஏணியில் நின்றபடியே திரும்பி, "அண்ணே, இங்கிலீஷ் எம்புட்டு உசரம் போடணும்?" என்று கேட்டார்.

"ஒன்பது அங்குலம்" என்றோம்.